ஆர் வைச்ச கையெழுத்து

06.10.2024 ஞாயிறு

கிளிநொச்சிச் சந்தைக்குப் போன பஸ்ஸில் மகனின் பாட்டைப் போட்டார்கள். பக்கத்தில் இருந்த பெண், "இதென்ன பாட்டோ, ஏச்சோ?" என்றாள். பாட்டு முடியுமுன் என் இறக்கம் வந்துவிட்டது. இறங்கவில்லை. அடுத்த இறக்கத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். எதற்குச் சந்தைக்கு வந்தேன் என்பது மறந்துவிட்டது.

மகன் சுதாகரன் கண்ணை மூடி ஒன்பது மாதம். இது அவனுடைய கொப்பி. முன்பக்கம் பாட்டு எழுதியிருக்கிறான். பின்பக்கம் வெறும் தாள். மகள் பிரேமிளாதான் சொன்னாள், "வெறுமனே கிடக்கிறதுக்கு நீங்கள் எழுதுங்கோவன் அம்மா, மனசு லேசாகும்" என்று. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மனசு லேசாகிறதோ தெரியாது. விரல் நோகிறது.

09.10.2024 புதன்

பாட்டைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

அவன் முதன்முதல் அறைக்குள் பாடியபோது யாருடனோ அடிபடுகிறான் என்று அகப்பையோடு ஓடிப்போனேன். தனியாக நின்றான். கையில் போன். இதுதான் றாப் என்றான். ராகம் எங்கே என்று கேட்டேன்.

"ராகம் இருந்தாச் சனம் தலையாட்டிப்போட்டுப் போயிடும் அம்மா. இது மறுமொழி சொல்லவேண்டிய பாட்டு."

ஆர் சொல்வது என்று கேட்டேன். சிரித்தான்.

எங்கள் குடியேற்றத்துக்குப் பின்னால் பற்றைக்காடு இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்த எங்கள் ஆக்கள் விறகு பொறுக்கியதும் மாடு கட்டியதும் அங்கேதான். எனக்கு அப்போது நாலு வயது. இருபத்தோராம் ஆண்டு, றோட்டுக்குக் கிரவல் மண் வேண்டுமென்று ஒரு கொந்தராத்துக்காரர் அந்தக் காட்டைக் கிண்டத் தொடங்கினார். ஊர்ச் சங்கம் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருக்கிறது என்றார். றோட்டு முடிந்தது. கிண்டுவது முடியவில்லை. இப்போது காடு இல்லை, கிடங்குதான். மழைக்கு நிறைந்தால் பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். மாடும் அப்படித்தான் நினைத்தது. நாலு வீடு தள்ளி இருக்கிற வீரையா அண்ணனின் பசு உள்ளே போய்ச் செத்தது. அதைக் கயிறு போட்டு இழுத்தவர்களில் சுதாவும் ஒருவன். வந்து குளிக்காமலே இருந்து எழுதினான்.

தலைவரே தலைவரே, மழை எங்க பெஞ்சது?
நீங்கள் பேனையால கிண்டின கிடங்கில நிறைஞ்சது.
காட்டை ஒரு தாளில மடிச்சுக் குடுத்ததார்?
ஆர் வைச்ச கையெழுத்து? கையை உயர்த்து, பாப்பம் ஆர்!

முல்லைத்தீவுக் கடற்கரைப் பெடியன் அனிஸ்ரன் கொம்பியூட்டரில் தாளம் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து ஓடுகிறது. அப்போது கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் வீரையா அண்ணன். ஆகவே கையெழுத்தும் அவர்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. தன் பசுவைத் தானே கொன்ற மனுசன் என்று பேர்.

14.10.2024 திங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பெடியளும் ஒரு பெட்டையும் கமெராவோடு வந்தார்கள். சுதாவைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம்.

"மிரட்டல் ஏதும் வந்ததோ அம்மா?"

"இல்லை."

"ஆராவது வீட்டுக்கு வந்து விசாரிச்சவையோ?"

"காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டு விசாரிக்க வந்தவை."

"அப்ப… என்ன நடந்தது?"

"எலிக்காய்ச்சல். வயலுக்குள்ள நிண்டவன். மூண்டு நாள்."

பெட்டையின் முகம் விழுந்துபோனது. மற்றவன் கமெராவை மெல்லக் கீழே இறக்கினான். எனக்கே அவர்கள்மேல் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குக் கொடுக்க என்னிடம் வேறு சாவு இல்லை. தேத்தண்ணி கொடுத்தேன்.

போகும்போது பெட்டை கேட்டாள், இந்தப் பாட்டை ஏன் சனம் இன்னும் கேட்கிறது என்று.

"கிடங்கு இன்னும் இருக்குத்தானே, பிள்ளை."

அதை மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள்.

17.10.2024 வியாழன்

கையெழுத்து வைத்தது நான்.

எழுதிவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கோழி வந்து காலடியில் நின்று பார்த்துவிட்டுப் போனது.

நான் மாதர் சங்கத் தலைவி. அன்றைக்கு வீரையா அண்ணன் ஊரில் இல்லை. தங்கச்சியின் செத்தவீட்டுக்கு மலைநாட்டுக்குப் போயிருந்தார். கொந்தராத்துக்காரரின் ஆள் பொதுநோக்கு மண்டபத்துக்குத் தாளோடு வந்து, எந்தச் சங்கம் கையெழுத்து வைத்தாலும் போதும் என்றான். இஸ்திரி போட்ட நீளக்கை சேட்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒழுங்கைக்கும் கிரவல் போட்டுத் தருவம் அம்மா என்றான்.

தாள் தமிழில்தான் இருந்தது. சிங்களத்தில் இருந்திருந்தால் சாட்டுச் சொல்லலாம். எனக்கு வாசிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன். வாய் அசையும். அந்தாள் எனக்கு முன்னால நிண்டு என்ர வாயையே பாத்துக்கொண்டு நிண்டான். ரெண்டு வரி வாசிச்சன். வெக்கமாப் போச்சு. வாசிச்சு முடிச்ச மாதிரித் தலையை ஆட்டிப்போட்டு வைச்சிட்டன். அவ்வளவுதான். வேறொண்டும் இல்லை. ஒரு காடு போனதுக்கு என்ர வெக்கம்தான் காரணம் எண்டால் ஆர் நம்பப் போகினம்?

ஒழுங்கைக்கு இரண்டு லோட் போட்டார்கள்.

பாட்டு எழுதிய நாள் சுதா கேட்டான், "வீரையா மாமாதானே வைச்சிருப்பார் அம்மா?" நான் சோற்றுப் பானையை வடித்துக்கொண்டிருந்தேன். ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

27.10.2024 ஞாயிறு

வீரையா அண்ணனின் பேத்தி யதுர்ஷிகா ஐந்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லையாம். பத்து வயது. தாய் வவுனியாவில் கடையில் வேலை, பிள்ளை இங்கே இவர்களோடு. அவள் வகுப்புக்குள் போனால் பிள்ளைகள் மேசையில் தாளம் போட்டு "தலைவரே தலைவரே" என்று தொடங்குகிறார்களாம். பாடமாக்கச் சொன்னால் ஒரு வாய்பாடு வராது. இது ஒரு சொல் பிசகாமல் வரும்.

கிணற்றடியில் அவருடைய மனைவி நாகேஸ்வரி அண்ணி என்னைப் பார்க்காமல் சொன்னார், "ஒன் மகன் பாட்டு நல்லாத்தான் இருக்கு, கமலாட்சி. எங்க வீட்டுப் புள்ளைக்குத்தான் காது வலிக்குது."

வாளியை நிரப்பாமல் வந்துவிட்டேன்.

01.11.2024 வெள்ளி

தேர்தல் வாகனம் வந்தது. ஒலிபெருக்கியில் சுதாவின் பாட்டு. "ஆர் வைச்ச கையெழுத்து" என்று அவன் கேட்க, நடுவில் ஒருவர் புகுந்து தன் இலக்கத்துக்குப் புள்ளடி போடச் சொன்னார். வேட்பாளர் யார் என்று எங்கள் மாதர் சங்கச் செயலாளர் அனோஜாவிடம் கேட்டேன்.

"மூண்டு கிரவல் ரிப்பர் லொறி வைச்சிருக்கிறார் அக்கா. நல்ல பாட்டெண்டு அவரே தெரிஞ்செடுத்தவராம்."

வீரையா அண்ணனின் படலைக்கு முன்னால் வாகனத்தை நிறுத்திச் சத்தத்தைக் கூட்டினார்கள்.

08.12.2024 ஞாயிறு

மழை. கிடங்கு நிறைந்துவிட்டதாம். பாட்டும் முன்னையைவிடக் கூடக் கேட்கிறது.

22.12.2024 ஞாயிறு

அனிஸ்ரன் வந்தான். சுதாவின் ஆண்டுத் திதி முறைப்படி வீட்டில் நடக்கட்டும், வருகிற மாதம் பத்தொன்பதாம் திகதி மண்டபத்தில் பெரிதாக ஒரு நினைவு நிகழ்ச்சி வைப்பம் என்றான். விசுவமடுப் பெடியள், முள்ளியவளைப் பெடியள் எல்லாரும் வந்து பாடுவார்களாம். கடைசியாகச் சுதாவின் பாட்டு. சனமே மறுமொழி சொல்லிக் கத்தும், பாருங்கோ அம்மா என்றான்.

"தம்பி, அந்தக் கையெழுத்து வீரையாண்ணன் வைக்கேல்ல."

"ஆரெண்டது இப்ப முக்கியமில்லை அம்மா. விசுவமடுவில பாடேக்க அவைக்கு அவையின்ர தலைவர். முள்ளியவளையில வேற ஆள். அதாலதான் அது இன்னும் நிக்குது. பாட்டு பொது."

"இஞ்ச ஒராள்தான் தம்பி. நாலு வீடு தள்ளி இருக்கிறார்."

"அப்ப ஆர் வைச்சது?"

"நான்."

கோப்பையைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். அது நின்ற இடத்தில்தான் நின்றது.

"சுதாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"வெளிய சொல்லாதேங்கோ அம்மா. கும்பிட்டுக் கேக்கிறன். வீட்டுக்குள்ள கள்ளரை வைச்சிட்டு ஊரைக் கேட்டவன் எண்டு சிரிப்பாங்கள். பாட்டே பகிடியாப் போயிடும். அவனிட்ட மிஞ்சினது அது ஒண்டுதானே?"

கள்ளர் என்று சொன்னதை அவனே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனாலும் அவன் சொன்னதில் பிழையில்லை. பிள்ளைகளின் தகப்பன் போய்ப் பதினைந்து வருடம், ஒரு படம்கூட இல்லை. மகன் போனான், குரல் இருக்கிறது. அந்தக் குரலை நானே போய்ப் பழுதாக்கவோ?

05.01.2025 ஞாயிறு

வீரையா அண்ணன் வீட்டு முற்றத்தில் கட்டில் கழற்றிக் கிடந்தது. இந்த மாதக் கடைசியில் வவுனியாவுக்கு மகளிடம் போகிறார்களாம். மாடு இரண்டையும் விற்றாயிற்று. நாற்பத்தேழு வருடத்துக்குப் பிறகு அந்த மனுசன் இன்னொரு தரம் ஊர்விட்டுப் போகிறார். இந்த முறை கலைப்பது ஒரு பாட்டு.

போனேன். கதிரை தந்தார். இருக்கவில்லை.

"அண்ணே, அந்தத் தாள்ல கையெழுத்து வச்சது நான்."

"தெரியும் புள்ள."

"தெரியுமா?"

"ரெண்டு வருசமா தெரியும். அந்தக் கொந்தராத்துக்காரன்கிட்டப் போயி சண்ட போட்டேன், தாளோட கொப்பிய எடுத்து மூஞ்சிக்கு முன்னால காட்டிட்டான். கோணக் கோணலா கமலாட்சின்னு இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"கோயில் கூட்டத்துல, நான் வைக்கலன்னு சொன்னேன். அப்ப யாருன்னு கேட்டானுங்க. பொம்பள பேரச் சொல்லித் தப்பிச்சான்னு ஆயிரும்ல? அப்பறம் சுதா தம்பியும் செத்துப் போயிட்டான். செத்த வீட்டுல போயி என்னத்தப் பேச?" கழற்றிய கட்டில் காலைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதுவும் பாட்டா போட்டுட்டான். ஆளோட வழக்குப் பேசலாம். பாட்டோட யாரு பேசுறது? மோசமான பாட்டா இருந்தாலும் பரவாயில்ல, ஆறு மாசத்துல மறந்திருப்பானுங்க. நல்ல பாட்டு."

உள்ளேயிருந்து நாகேஸ்வரி அண்ணியின் குரல் வந்தது. "சொல்லாதீங்கன்னு நான் சொல்லல. இவருதான் பெரிய தருமரு. இப்ப தருமரும் வவுனியா பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறாரு."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டேனோ என்று இப்போது நினைவில்லை. வரும்போது அண்ணி, "படலையச் சாத்திட்டுப் போ" என்றார்.

12.01.2025 ஞாயிறு

சொல்வதில்லை என்று முடிவு.

13.01.2025 திங்கள்

நேற்று எழுதியது சரிதானோ என்று மூன்று தரம் எடுத்து வாசித்தேன். ஒவ்வொரு தரமும் வாய் அசைந்தது.

14.01.2025 செவ்வாய்

எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. செத்தவீட்டுத் துடக்கு. வீரையா அண்ணன் வீட்டிலும் பொங்கவில்லை. அவர்களுக்கு என்ன துடக்கு என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

18.01.2025 சனி

பிரேமிளாவின் போனில் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். ஆறு தரம். "அழப்போறியள் எண்டால் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்" என்றாள். அழவில்லை.

ஒன்று விளங்கியது. பஸ்ஸில் போடுகிறவன் கேட்கிறான், ஆர் வைச்ச கையெழுத்து என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ரிப்பர்க்காரரும் கேட்கிறார். எல்லாரும் சுதாவின் பக்கம் நின்று, சுதாவோடு சேர்ந்து கேட்கிறார்கள். மறுமொழி சொல்லவேண்டிய பாட்டு என்றுதானே செய்தான்? இவ்வளவு சனம் கேட்டு, நான் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. மகனுக்குப் பேர் வந்தது. மறுமொழி வரவில்லை.

அவன் என்னைத்தான் கேட்டிருக்கிறான். தெரியாமல் கேட்டான். எனக்குத் தெரியும்தானே.

பிரேமிளாவிடம் சொன்னேன். ரொட்டியைத் திருப்பாமல் கருகவிட்டாள். பிறகு, "அண்ணா இருந்திருந்தால் உங்களையும் பாட்டில போட்டிருப்பான்" என்றாள்.

"ஓம்."

"பேரோட போட்டிருப்பான்."

"ஓம்."

கருகினதை அவளே சாப்பிட்டாள்.

19.01.2025 ஞாயிறு

சொல்லிவிட்டேன். நாளைக்கு எழுதுகிறேன்.

20.01.2025 திங்கள்

மண்டபம் நிறைந்து வெளியிலும் நின்றார்கள். மேடையில் சுதாவின் பெரிய படம், மாலை. படத்தில் அவனுக்கு மூக்கைக் கொஞ்சம் கூராக்கியிருந்தார்கள். விசுவமடுப் பெடியள் பாடினார்கள், சனம் விசிலடித்தது. கடைசியாகச் சுதாவின் குரலைப் போட்டார்கள். "ஆர் வைச்ச கையெழுத்து" என்று அவன் கேட்க, சனம் சேர்ந்து "தலைவர்! தலைவர்!" என்று கத்தியது. அனிஸ்ரன் சொன்னது போலவே.

வீரையா அண்ணன் வந்திருந்தார். கடைசி வரிசை. வராவிட்டால் பயந்துவிட்டார் என்பார்கள் என்று வந்திருப்பார்.

தாய் இரண்டு வார்த்தை பேசுவா என்று கூப்பிட்டார்கள். அனிஸ்ரன் மைக்கைத் தரும்போது என் முகத்தைப் பார்த்தான். கையை விடவில்லை. நான்தான் இழுத்து எடுத்தேன்.

"வந்த எல்லாருக்கும் நன்றி. என்ர மகன் கேட்டதுக்கு இவ்வளவு நாளா ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல. கையெழுத்து வைச்சது நான். மாதர் சங்கத் தலைவி கமலாட்சி. வீரையாண்ணன் அண்டைக்கு ஊரிலயே இல்லை. தாளை நான் முழுக்க வாசிக்கேல்ல. வாசிக்கத் தெரியாததால இல்லை. வாசிக்கிறதைப் பாக்கிறாங்கள் எண்டு வெக்கப்பட்டு வைச்சனான். மகனுக்கும் சொல்லேல்ல. அவன் கேட்டது சரி. ஆளைத்தான் நீங்கள் மாறிப் பிடிச்சிட்டியள்."

முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பிடித்தார். பிறகு மைக் கூவென்று ஊளையிட்டது. நல்ல வேளை, அதை நிறுத்துவதில் கொஞ்ச நேரம் போனது.

நான் இறங்கி வந்தபோது கடைசி வரிசைக் கதிரை வெறுமையாக இருந்தது. என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லாமல் போனாரோ, தன் முகத்தை மற்றவர்கள் பார்க்காமல் போனாரோ.

26.01.2025 ஞாயிறு

ஒரு கிழமையாக ஒருவரும் வரவில்லை. சங்கக் கூட்டம் என்னைக் கூப்பிடாமலே நடந்தது. அனோஜா புதுத் தலைவி. இன்று வந்து சொன்னாள், நின்றபடியே. முதல் கூட்டத்தில் வந்த கடிதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி எல்லாரும் கேட்டார்களாம். "ரெண்டு பக்கம் அக்கா. தொண்டை காஞ்சு போச்சு" என்று குறைப்பட்டாள். தண்ணி கொடுத்தேன். குடித்தாள்.

02.02.2025 ஞாயிறு

அனிஸ்ரன் இரண்டு கிழமை கோபத்தில் இருந்தான். இன்று வந்தான். போனை நீட்டினான்.

நான் மேடையில் சொன்னதை யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். அதை முள்ளியவளைப் பெடியள் எடுத்து, கீழே தாளம் போட்டு, "கையெழுத்து வைச்சது நான்" என்பதை மூன்று தரம் திருப்பித் திருப்பி வரவைத்திருக்கிறார்கள். மைக் ஊளையிட்டதையும் விடவில்லை. அதுதான் தொடக்க இசை.

"சுதாவின்ர பாட்டை ஒருத்தரும் பகிடி பண்ணேல்ல அம்மா" என்றான். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இப்ப ரெண்டையும் ஒட்டித்தான் போடுறாங்கள். அவன் கேக்க, நீங்கள் சொல்லுறியள்."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. காகம் கத்துவது போல இருக்கிறது. அவன் குரலுக்குப் பிறகு வருகிறது. அது பிடித்திருக்கிறது.

09.02.2025 ஞாயிறு

வீரையா அண்ணன் வீட்டு முற்றத்தில் கட்டில் இல்லை. போய்விட்டார்கள் என்று படலையடியிலேயே நின்றுவிட்டேன். பிறகு அண்ணி கோழியைக் கலைக்கிற சத்தம் கேட்டது. கட்டிலை உள்ளே திரும்பப் பொருத்திப் போட்டிருக்கிறார்கள்.

அண்ணி என்னோடு கதைப்பதில்லை. கிணற்றில் எனக்கு முன்னால் அள்ளுகிறார். அவர் அள்ளி முடியும்வரை நான் நிற்கிறேன்.

18.02.2025 செவ்வாய்

இரண்டாம் கிடங்குக்குக் கையெழுத்துக் கேட்டுத் தாள் வந்திருக்கிறதாம். பெடியள் பதாகை எழுதுகிறார்கள்.

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒழுங்கையால் வந்தார்கள், ஐந்தாறு பேர். என் படலையடியில் நடை மெதுவானது. முன்னுக்கு வந்தது யதுர்ஷிகா. வெள்ளைச் சட்டை, இரண்டு பின்னல். என்னை நேரே பார்த்துத் தொடங்கினாள்.

"தலைவியே தலைவியே, மழை எங்க பெஞ்சது? நீங்கள் பேனையால கீறின கிடங்கில விழுந்தது."

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிரேமிளா தும்புத்தடியோடு படலைக்கு ஓடினாள். நான் மறித்தேன்.

"யதுர்ஷிகா, இஞ்ச வா."

வந்தாள். பயம் இல்லை. நாடியை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

"கீறின இல்லை. கிண்டின. விழுந்தது இல்லை. நிறைஞ்சது. அண்ணா அப்பிடித்தான் எழுதினவன். திரும்பச் சொல்லு."

புத்தகப் பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு திரும்பப் பாடினாள், முழுதாக, கையை உயர்த்து வரைக்கும். இந்த முறை சரியாக வந்தது. போகச் சொன்னேன். மணி அடிக்க நேரமாகிவிட்டது.